முழுத்திருப்பம் ஒழிக

அவையோரே, மலாக்கா காஜா பேராங் தெருக்காரர்களே, பண்டார் ஹிலிரிலிருந்து நடந்தே வந்திருக்கும் தோழர்களே! இரங்கற் கூட்டம் என்று அழைத்தீர்கள். இரங்குவதற்கு நான் வரவில்லை. நம் மன்றத்தின் தீர்மான ஏட்டில் ‘வேலையறியாதவன்’ என்று எழுதப்பட்ட ஒருவன் இறந்து இன்று பதினாறாம் நாள். அவன் போய்விட்டான், அந்தச் சொல் மட்டும் ஏட்டில் உயிரோடு இருக்கிறது. அவனுக்கு எழுதிய மடலை உங்கள் முன் படிக்கிறேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துணிக்கடை முதலாளியும் கேட்கட்டும்.

நண்பா,

நேற்று மாலை முதலாளியின் பழைய ஓட்டுநர் ஊன்றுகோலோடு என் வீட்டுக்கு வந்தார். பழைய காக்கிச் சட்டையைத் துடைப்புத் துணிக்காகக் கிழித்தபோது பையில் கிடைத்ததென்று, நான்காய் மடித்த தாளொன்றை நீட்டினார். “ஒங்க கூட்ட நோட்டீசு ஒண்ணு எங்கிட்டயே தங்கிப்போச்சுண்ணே.” பிரித்தேன். ஓரத்தில் கிரீசு படிந்த உன் பெருவிரல் ரேகை. நடுவில் என் கையெழுத்து.

உன் பட்டறைக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு தகரவேலிதான். நீ மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கு வந்து தங்கிய தமிழர் வழி. உங்கள் வீட்டில் பொங்கல் உண்டு, படையல் உண்டு, பேச்சு மட்டும் மலாய். மேடைக்குப் போகும்போதெல்லாம் வேலிக்கு மேலே தலைநீட்டி உன்னைச் சீண்டுவேன். “பேரில் இருக்கும் தமிழ் வாயில் வர எத்தனை நாளாகும்?” வண்டிக்கு அடியிலிருந்து நீ தலையைக்கூடத் தூக்க மாட்டாய். “அபாங் சாக்காப் பாஞா, சாயா கெர்ஜா பாஞா.” அண்ணனுக்குப் பேச்சு நிறைய, எனக்கு வேலை நிறைய என்பாய். தெருவே சிரிக்கும். நானுந்தான் சிரித்தேன்.

நாட்டு விடுதலை நாள் ஊர்வலத்துக்கு முந்திய வாரம் முதலாளி தம் இரண்டிருக்கைப் பந்தயக் காரை உன் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஊர்வலத்தின் தலையில் அது செல்ல வேண்டும்; பார்ப்பவன் கண் அகலும்படி சக்கரம் அகல வேண்டும் என்றார். நீ இரும்புச் சக்கரங்களை வட்டமாய் அறுத்து, நடுவில் பட்டை வைத்து, பற்றவைத்து அகலமாக்கினாய். சுழலவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு பார்த்தாய். கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. தடித்த டயர்களை மாட்டினாய். கார் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காளையைப் போல் இருந்தது. ஆனால் ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பினால் முன் டயர் மட்கார்டின் விளிம்பில் போய்ச் செருகியது. விளிம்பை அடித்து மடக்க வேண்டும், திருப்பத்துக்கு ஒரு தடைக்கட்டை வைக்க வேண்டும், இரண்டு நாள் வேண்டும் என்றாய். முதலாளி தரவில்லை; காரணத்தை அவரிடம் சொன்னாயா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றே எடுத்துக்கொண்டார்.

நீ அதோடு விடவில்லை. மறுநாள் காலை வேலிக்கு வந்தாய். ஓட்டுநர் காரில் ஒட்டிவைக்க ஒரு தாள் வேண்டும், அவருக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும், எழுதிக் கொடு என்றாய். நீ சொன்னது இரண்டே வரி. “டயர் மாக்கான். ஜாங்கான் பூசிங் ஹாபிஸ்.” டயர் தின்னும், முழுக்கத் திருப்பாதே. பட்டறையில் வேலை செய்யும் எவனுக்கும் அது போதும். எனக்குப் போதவில்லை. அரைமணி நேரம் அமர்ந்து சொல் தேடினேன். நான் எழுதியது இது. இந்த அவை கேட்கட்டும்:

‘உருளியின் புறவளையம் காப்புத்தகட்டின் விளிம்பொடு உராயும். முழுத்திருப்பம் ஒழிக.’

உனக்குப் படித்தும் காட்டினேன். “சந்தெக்” என்றாய். அழகாயிருக்கிறதாம். நம்பி எடுத்துப்போய், ஓட்டுநர் இல்லாததால் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாய்.

இரண்டு நாளில் ஆற்றோரத்து முடக்கில் முதலாளி காரை வேகமாகத் திருப்பினார். டயர் தகட்டில் செருகிக்கொண்டது. ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. கார் வாய்க்காலில் இறங்கியது. முதலாளிக்கு முழங்கையில் சிராய்ப்பு. பக்கத்தில் இருந்த ஓட்டுநருக்குக் கால் போயிற்று.

விபத்தை விசாரிக்க நம் தமிழ் மன்றம் கூடியது. தலைமை நாற்காலியில் நான். “எனக்கு ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல” என்றார் முதலாளி. நீ எழுந்து உன் மொழியில் தொடங்கினாய். நான் கையை உயர்த்தினேன். “இம்மன்றத்தில் தமிழ் மட்டுமே ஒலிக்கும்.” நண்பா, அந்தக் குரலை இப்போதும் கேட்கிறேன், என் குரல்தான். நீ தேடித் தேடி ஒரு சொல் எடுத்தாய். “சொன்னேன்.”

“என்ன சொன்னாய்?”

“சொன்னேன்.”

“யாரிடம்?”

முதலாளியை விரலால் காட்டினாய். “சொன்னேன்.” மூன்றாம் முறை கூடம் சிரித்தது. தாளைப் பற்றி நீ வாய் திறக்கவே இல்லை. திறந்தால் தலைமையில் இருப்பவன் தலைகுனிவான் என்று நினைத்தாயோ? நானும் திறக்கவில்லை. ஓட்டுநர் படித்தும் மதிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏட்டில் ‘வேலையறியாதவன்’ என்ற சொல் ஏறியது. அதற்குப் பிறகு நீ இறக்கும்வரை உன் முற்றத்தில் ஒரு மிதிவண்டிகூட நிற்கவில்லை. வேலிக்கு அப்பால் சுத்தியல் ஓசை நின்றது. வேலிக்கு மேலே தலைநீட்ட எனக்கும் முகமில்லை.

நேற்று ஓட்டுநரைக் கேட்டேன்: “படித்தும் ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை?”

“ஒண்ணும் வெளங்கலண்ணே. கடைசில ‘ஒழிக’ன்னு இருந்துச்சு. யாரையோ எதுத்து ஊர்வலம் போறீங்கன்னு நெனச்சு மடிச்சு வச்சிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நோட்டீசு எதுக்குண்ணே? வண்டி எடுக்கறப்பவே அவரு மொதலாளிகிட்ட நேராச் சொன்னாரு, டயர் மாக்கான்னு. மொதலாளி சிரிச்சாரு. ‘தின்னட்டும்லா, அதுக்கும் பசிக்கும்’னாரு. நான் பக்கத்துல நின்னேன். கால் போன பெறகும் வேல குடுப்பாருன்னு நம்பி மன்றத்துல வாயத் தொறக்கல. இப்ப காலும் இல்ல, வேலயும் இல்ல, எதுக்குப் பயப்படணும்?”

நண்பா, முதலாளியை மன்னித்துவிடு என்று சிலர் என் காதில் ஓதுகிறார்கள். மாட்டேன். உன் பதினாறாம் நாள் சோற்றைத் தொடாமல் இங்கு வந்திருக்கிறேன். மலாய் பேசியே கடைச் சரக்கு முழுவதையும் விற்பவர் அவர்; ‘மாக்கான்’ என்ற சொல் அவர் காதில் விழவே இல்லையாம். கேட்டும் கேட்கவில்லை என்றது அவர் குற்றம். புரியாதபடி எழுதியது என் குற்றம். அவர் பொய்யும் என் செருக்கும் சேர்ந்துதான் உன்னைத் தின்றன. பழியை என்னிலிருந்து தொடங்குகிறேன். தலைவனாய் வைத்திருந்த மன்றச் சாவியை இந்த மேசையில் வைத்துவிட்டேன். இன்று உனக்கு எழுதிய மடலில் டயரை டயர் என்றே எழுதினேன். கவனித்தாயா? உன் ரேகை பதிந்த தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் போகும்வரை அங்கேயே இருக்கும்.

அவையோரே, மடல் முடிந்தது. ஓட்டுநர் வாசலில் நிற்கிறார், அவருக்கு வழிவிடுங்கள். செயலாளரே, தீர்மான ஏட்டைத் திறந்து பேனாவை எடுங்கள். கதவைச் சாத்துங்கள், ஒருவரும் வெளியேற வேண்டாம். முதலாளி அவர்களே, அவனிடம் நான் தமிழ் கேட்டேன். உங்களிடம் எந்த மொழியும் கேட்கவில்லை. தமிழோ மலாயோ, உங்களுக்கு வாய்த்ததில் சொல்லலாம். ஒரே ஒரு சொல். எழுந்து நின்று, இப்போதே, இவர்கள் அனைவரும் கேட்கச் சொல்லுங்கள்: “சொன்னான்.”