இரண்டு நாள் ஆயா

அக்கா,

இன்று காலை மாநகராட்சிக் குழாயில் வந்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. சின்னவள் மகிழுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த நான் சொம்பை வாளியிலேயே போட்டுவிட்டேன். கண்ணில் சீயக்காய் பட்டுவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஓட்டல் நீச்சல் குளத்திலும் இதே வாடைதான். ஆறு வருடம் ஆகிறது. அதைப் பற்றி உன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்பதால்தான் எழுத முடிகிறது.

என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள் நீ. கல்யாணமான இரண்டே வருடத்தில் கணவரை இழந்து குத்தாலம் பக்கத்து நம் வீட்டுக்குத் திரும்பி வந்தாய். அப்பா போன பிறகு வயலைப் பார்த்தது நீ, என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தது நீ. மூத்தவள் இனியா பிறந்தபோது ஒரு மாதத்துக்கென்று தஞ்சாவூருக்கு வந்தவளை ஏழு வருடம் பிடித்து வைத்துக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் பிள்ளைகள் உன் இடுப்பில்தான் இருந்தார்கள். அவர்கள் பேசிய முதல் சொல்லே பெரியம்மாதான்.

அந்த வருடம் இவர் சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தார். கொடைக்கானல் போவதாக இருந்தோம். இனியாவுக்குக் காய்ச்சல் வந்து அது நின்றுபோயிற்று. பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாதென்று தஞ்சாவூர் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில் புதிதாக வந்திருந்த ஓட்டலில் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு ரூம் போட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு இருக்கிற ஊரிலேயே போய்த் தங்குவதா என்று நீ சிரித்தாய். நீச்சல் குளம் இருக்கிறது என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டாய். மதகின் மேலிருந்து வாய்க்காலில் குதித்தவள் நீ. எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவளும் நீதான். புடவையோடு இறங்க விடமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு, நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு சுடிதார் தைத்துக்கொண்டாய். மாம்பழ நிறம். எங்களிடம் காட்டக்கூட வெட்கப்பட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டாய்.

ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் நம்மைப் பார்த்தாள். உன் இடுப்பில் நான்கு வயது மகிழ், கையில் பை, காலில் ரப்பர் செருப்பு. என் பக்கம் திரும்பி, “இவங்களும் கெஸ்ட்டா மேடம், இல்ல குழந்தைங்களைப் பார்த்துக்கிறவங்களா?” என்று கேட்டாள். இவர் இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு குழந்தைகளுக்கும்தான் பதிவு செய்திருந்தார். மூன்றாவது பெரியவர் என்றால் தனி ரூம் வேண்டுமாம், அன்றைக்கு எல்லா ரூமும் நிரம்பிவிட்டதாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் என்றால் அதே ரூமில் ஒரு மெத்தை போட்டுத் தருவார்களாம். இவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆட்டோவில் கால் மணி நேரம். ஆனால் நான் சொன்னேன்: “குழந்தைங்களைப் பார்த்துக்கிறவங்க.”

அது பொய்யில்லையே என்றுகூட அந்த நொடியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரூமுக்குள் வந்ததும், ரூம் கிடைப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். அதனாலென்ன என்று சொல்லிவிட்டு மெத்தையை உதறிப் போட்டாய். பிறகு பிள்ளைகள் இருவரையும் எதிரில் உட்காரவைத்தாய்.

“இங்க இருக்கிற வரைக்கும் ஒரு விளையாட்டு. நான் ஆயா. யாரு பெரியம்மான்னு கூப்பிடுறாங்களோ அவங்க அவுட்டு.”

மகிழ் கை தட்டினாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மதியம் நாங்கள் கண்ணாடிச் சுவர் வைத்த சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டோம். உன்னைப் பின்பக்கம் டிரைவர்கள் சாப்பிடும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். மாலையில் குளத்தங்கரையில் போர்டு வைத்திருந்தது: தங்குபவர்கள் மட்டும் இறங்கலாம், உடன் வந்த உதவியாளர்கள் கரையில் உட்காரலாம். துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாய். மாம்பழ நிறச் சுடிதார் ரூமிலேயே பைக்குள் கிடந்தது.

நான் இனியாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மகிழ் குழந்தைகள் பகுதியின் கயிற்றைத் தாண்டிப் போனதை இருவருமே பார்க்கவில்லை. தண்ணீரில் ஏதோ பெரிதாக விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். விழுந்தது நீ. புடவையோடு உள்ளே போய் அவளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தாய். அவள் உன் தோளில் தண்ணீரைக் கக்கிவிட்டு வீரிட்டு அழுதாள்.

குளத்தைப் பார்த்துக்கொள்கிறவன் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான். குழந்தை மூழ்கியதைக் கவனிக்காதவன் உன்னைத்தான் திட்டினான். “ஆயாவெல்லாம் உள்ள இறங்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்குல்ல? புடவையோட வேற இறங்கியிருக்க. இப்ப தண்ணிய யாரு மாத்துறது?”

சுற்றி நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். உடம்போடு ஒட்டிய புடவை, அவிழ்ந்துபோன கொண்டை. என் மகளை என் கையில் கொடுத்துவிட்டு, “தப்புதான் தம்பி” என்றாய்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். மேனேஜர் வந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். “நல்ல ஆளா வெச்சிருக்கீங்க மேடம். இந்தக் காலத்துல இப்படி ஆள் கிடைக்கிறது கஷ்டம்” என்றார்.

நான் “தேங்க்ஸ்” என்றேன்.

காயாத புடவையைக் குளியலறையில் போட்டுவிட்டு, அந்தச் சுடிதாரை உடுத்திக்கொண்டு டிரைவர்கள் கொட்டகைக்குச் சாப்பிடப் போனாய்.

வீட்டுக்கு வந்த பிறகும் மகிழ் உன்னை ஆயா என்றுதான் கூப்பிட்டாள். நீயும் ‘என்னம்மா’ என்று திரும்பினாய். நான்காம் நாள் பொறுக்க முடியாமல் அவள் தொடையில் ஓர் அடி வைத்தேன். நீ அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, “குழந்தையை ஏன் அடிக்கிற? இதை அவளா ஆரம்பிச்சா?” என்றாய். அழுகை அடங்கி அவள் விளையாடப் போனதும், என்னைப் பார்க்காமல் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாய்.

“மொதல் தடவ ரூம் கிடைக்கணும்னு சொன்ன. சரி. ரெண்டாவது தடவ, அந்த மேனேஜர்கிட்ட, எதுக்கு?”

உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை அக்கா என்றேன். பொய். ஈரப் புடவையில், அத்தனை பேர் நடுவில் திட்டு வாங்கிக்கொண்டு நின்ற உன்னை என் அக்கா என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை. என் மகளின் உயிரைக் கையில் வாங்கிய இரண்டாவது நிமிடத்தில் நான் வெட்கப்பட்டேன்.

குறுவைக்கு நாற்று விட வேண்டும் என்று அடுத்த மாதமே ஊருக்குப் போனாய். நிலம் குத்தகையில் இருந்தது, நாற்று விட நீ தேவையில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாக்கா என்று போனில் கூப்பிடும்போதெல்லாம் அறுப்பு ஆகட்டும் என்பாய். ஓர் அறுப்பு முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. பிறகு ஒரு முற்பகலில் ஊரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லையாம்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “உன்னைப் பத்தித்தான் எப்பவும் பேச்சு. பெரிய ஓட்டலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனியாமே. உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாளாம். சுடிதார் போட்டுக்கிட்டு நீச்சலடிச்சாளாம். எந்தத் தங்கச்சி செய்வா சொல்லு.”

சுற்றி இருந்த பெண்கள் என்னை மெச்சிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தேன். எதையும் மறுக்கவில்லை.

போன மாதம், இனியாவுக்காவது உண்மை தெரியட்டும் என்று தோன்றியது. பதின்மூன்று வயது அவளுக்கு. எதிரில் உட்காரவைத்து, அந்த ஓட்டலில் பெரியம்மாவை நான் யாரென்று சொன்னேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

“தெரியும்மா. அந்த மேனேஜர் பேசும்போது நான் உன் பக்கத்துலதான் நின்னேன். நீ சொல்லிடுவன்னு உன் வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்ப் படிக்க உட்கார்ந்தாள். அக்கா, இப்போதெல்லாம் வீட்டுக்கு யாராவது வந்து நான் ஏதாவது பேசத் தொடங்கினால், அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என் வாயைப் பார்க்கிறாள்.