பாக்குக் கலருக்கு இரண்டு பெட்டி

என் பிரியமுள்ள மதினிக்கு,

நீங்க சாமிகிட்டப் போயி ஒரு வருசம் ஆச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம நூல்கடை நல்லா நடக்குது. இப்போ கடைக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கு. கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினியரிங் படிக்கிற நம்ம பேத்தி தேவிதான் எல்லாம் ஏத்திக் கொடுத்தா. அஞ்சாங்கிளாஸோட நின்ன எனக்கு இப்படி ஒரு பேத்தி! இந்தப் பெருமையை உங்ககிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்ல?

தளவாய்புரத்துச் செல்வி நம்ம கடையை விட்டுப் போன நாள் ஞாபகம் இருக்கா? நைட்டி தைச்சு விக்கிறவ, துண்டுத்துணியோட வந்து பாக்குக் கலர் நூல் கேட்டா. பெட்டி காலி. இல்லைன்னுட்டேன். ராஜபாளையத்துக்குப் போனவ, பொறவு அங்கேயே வாங்க ஆரம்பிச்சுட்டா. அன்னைக்குச் சாயங்காலம் நீங்க காப்பிக் கலர் பெட்டியைத் திறந்தா, அதே நூல் பெட்டி நிறைய!

"ஏட்டி கோமதி, என்னட்டி இது?"

"காப்பி. நீங்க எழுதி ஒட்டினது."

"அப்ப பாக்கு?"

"அது நான் ஒட்டினது."

ஒரே நூலுக்கு ஆளுக்கொரு பேரு! சிரிக்கவா, அழவா? நம்ம வியாபாரத்துல பாதி செல்வியோடது.

மறுநாளே அம்புட்டு நூலையும் வாசல் வெளிச்சத்துல பரப்பினோம். சிவப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் ஒரு பக்கம், அதுக்குள்ள வெளிறினது முன்னால, அடர்ந்தது பின்னால. ஒரு நிறத்துக்கு ஒரே பெட்டி, பெட்டிக்கு ஒரு நம்பர். பேரே வேண்டாம், நம்பர் போதும்னேன். உங்களுக்குக் கோவம் வந்துட்டு.

"ஏட்டி, வாரவ முப்பத்தேழு குடுன்னா கேப்பா? மயில் கழுத்துன்னுதான் கேப்பா!"

பெட்டிக்கு நம்பர், நோட்டுல பேருன்னு முடிவாச்சு. அந்த நோட்டைத் தூக்கிக்கிட்டு நீங்க தளவாய்புரத்துக்கே பஸ் ஏறினதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். செல்வியோட தையல்காரப் பொம்பளைக கிட்ட ஒவ்வொரு நூலா நீட்டி, என்ன சொல்லிக் கேப்பீகன்னு எழுதிக்கிட்டீங்க. தெலுங்கு பேசுற அக்கா ஒருத்தி அந்தப் பாக்கு நூலை 'வக்க கலரு'ன்னாளாம், அவ பாஷைல வக்கன்னா பாக்குதான்.

"நூல் விக்க வந்தீகளா, பேரு கேக்க வந்தீகளா?"ன்னு செல்வி சிரிச்சாளாம். அடுத்த வாரமே நம்ம கடை வாசல்ல வந்து நின்னா.

கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது இந்தப் பேரையெல்லாம்தான் தேவி அழிக்கப் பாத்தா மதினி. "ஆச்சி, ஒரு சாமானுக்கு ஒரு பேருதான். அஞ்சு பேரு இருந்தா குழப்பம்"னா. மறுபடியும் இல்லைன்னு சொல்லி ஆளை அனுப்பணுமா? "பெட்டி ஒண்ணா இருக்கட்டும். கேக்குற வாயை ஒண்ணாக்க முடியுமாட்டி?"ன்னேன். ரெண்டு நாள் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டினா. இப்போ பாக்குன்னு தட்டினாலும், காப்பின்னு தட்டினாலும், வக்கன்னு தட்டினாலும் பெட்டி நம்பர் இருபத்திரெண்டுன்னு காட்டுது. இங்கிலீஷ் எழுத்துலதான் தட்டுறா. எனக்கு வாசிக்க வராது, நம்பர் தெரியுது.

நேத்துச் செல்வி மருமக போன் பண்ணினா, டிகாஷன் கலர் இருக்கான்னு. தட்டிப் பாத்தா இல்லைன்னு வந்துச்சு. தேவி போனை வைக்கலை மதினி. "அக்கா, வெளிறினதா, அடர்ந்ததா? பாக்குக்குக் கிட்டத்துல வருமா?"ன்னு நிதானமாக் கேட்டா. அவ ஆமான்னதும், இருபத்திரெண்டுல இன்னொரு பேரையும் சேத்துட்டா. நான் சொல்லிக் கொடுக்கலை. அது உங்க ரத்தம்.

நீங்க நிம்மதியா இருங்க. எந்தப் பொம்பள எந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு நம்ம படியேறினாலும், அதை எழுதி வைக்காம அவளைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.

உங்க தம்பி பெஞ்சாதி,
கோமதி