வந்து போகிற ஆள்

என்னங்க,

முதல் பேருந்துக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நாம் வாங்கப்போகும் வீட்டுக்கு மதிப்புப் போட வங்கியிலிருந்து இன்று ஆள் வருவார். அந்த வீட்டுச் சாவி டிவி பக்கத்தில்.

நேற்று வங்கியில் அந்த அம்மா, "வீட்ல எத்தனை பேர் இருப்பீங்க?" என்று கேட்டதும், "இப்போதைக்கு நான் மட்டும்தாங்க. இவ வந்து போற ஆளு" என்று சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. கடன் இரண்டு பேர் பேரிலும், வீட்டுக்கு மட்டும் நான் விருந்தாளியா? அதனால்தான் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. "என்னாச்சு?" என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றது பொய்.

பெட்டி கட்டும்போதுதான் உறைத்தது. அங்கே நான் வேலை பார்க்கும் பாலம் கட்டும் இடத்தில் பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இங்கே தனியாகச் சாப்பிடுவது நீங்கள்தான். நீங்கள் சொன்னது கேலி இல்லை, மனத்தாங்கல்.

கடன் தாள்களில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்களும் போட்டுவிடுங்கள்.

பி.கு.: இந்தப் பாலம் முடிந்ததும் இந்த ஊருக்கே மாற்றல் கேட்கப்போகிறேன். கிடைக்குமா தெரியாது, கேட்கிறேன்.

இன்னொன்று: உங்களை எழுப்பவில்லை. எழுப்பினால் பேருந்தை விட்டுவிடுவேன்.