கடல் சத்தம் கேட்காத ஓர் இரவு

உன் கூடாரம் எங்கள் மொட்டை மாடியில் காய்கிறது. நனைந்த நைலானும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாடை மாடி முழுக்க. உன் மனைவி ஸ்டெல்லா இதைப் பீரோவில் தன் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாளாம். அசோசியேஷன் செயலாளர் இதுவரை இரண்டு முறை மேலே வந்துவிட்டார். "கொட்டகை போடறதுக்கெல்லாம் பர்மிஷன் வேணும் சார்" என்கிறார். காயத்தான் போட்டிருக்கிறேன் என்றால் நம்பவில்லை. கத்திவிட்டேன். உன்னைப் பார்த்துக் கத்த வேண்டியது. பாவம், அவர் வாங்கிக்கொண்டார்.

நேற்று அந்த ஏரிக்கரைக்குப் போய்விட்டு இன்று காலை திரும்பினோம். ஆமாம், கடைசியில் போய்விட்டோம், நீ இல்லாமல்.

நந்தனம் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நமக்குள் பேச்சு நின்றதில்லை. பேச்சு என்றால் நான் பேசுவேன், நீ கேட்பாய். பிறகு நான் அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் கோப்பு புரட்டப் போனேன். நீ கல்யாணங்களுக்கும் கச்சேரிகளுக்கும் மைக்செட் போட்டாய். ஒருநாள் பாண்டி பஜாரில் ஒரு கடை வாசலில் இந்தக் கூடாரத்தை விரித்து வைத்திருந்தார்கள். நீ அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னாய்:

"பட்டினப்பாக்கத்துல பொறந்ததுலேர்ந்து காதுக்குள்ள கடலு கீது மச்சி. ஒரே ஒரு ராத்திரி அந்தச் சத்தம் இல்லாம தூங்கிப் பாக்கணும். இன்னா சொல்ற?"

போகலாம் என்றேன். சொல்வதற்கு எனக்கு என்ன கஷ்டம்? நீ அன்றைக்கே கூடாரத்தை வாங்கிவிட்டாய்.

ஊத்துக்கோட்டை தாண்டி ஓர் ஏரி, அதன் கரையில் கூடாரம் போட இடம் தரும் ஒரு மாந்தோப்பு என்று நீயே விசாரித்து வந்தாய். லஸ் முனை டீக்கடையில் நின்றபடி பட்டியல் போட்டோம். பாய், டார்ச், கொசுவர்த்தி, உனக்குக் கருவாடு, எனக்குப் புளியோதரை. "வாசம் ஒட்டாம ரெண்டையும் வேற வேற பையில எடுத்துக்கலாம்" என்றாய்.

முதல் தடவை என் பெண்ணுக்குப் பரீட்சை. இரண்டாவது தடவை என் மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை. மூன்றாவது தடவை எனக்கே இடுப்புவலி. பாதி நிஜம், பாதி சோம்பல். நான்காவது தடவை நீ காலையிலேயே பைக்கில் மூட்டையைக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாய். மேலாளர் சனிக்கிழமையும் வரச் சொல்லிவிட்டார் என்றேன். நீ கோபப்பட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "ஏரி எங்கயும் ஓடிடாது மச்சி, நீ ஆபீஸுக்குக் கெளம்பு" என்று வண்டியைத் திருப்பினாய். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதே வருடம் திருவான்மியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கரைத் தூக்கி வைக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். பிறகு எழுந்திருக்கவில்லை.

உன் முதல் வருடப் பூசை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது ஸ்டெல்லா கேட்டாள். "அண்ணா, அவரு போவணும் போவணும்னு சொல்லிக்கினு இருந்த எடத்த நான் ஒருவாட்டி பாக்கணும். கூட்டினு போறீங்களா?"

தோப்பின் பெயரோ வழியோ எனக்குத் தெரியாது. நீ சொன்னபோது நான் காதில் வாங்கியதே இல்லை. அதனால் கண்ட இடங்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவன் எடுத்த எடுப்பில் "டிஜே உண்டு சார், கேம்ப் ஃபயர் உண்டு, பார்பிக்யூ அன்லிமிடெட்" என்றான். அமைதி உண்டா என்று கேட்டேன். "அது வீக்டேஸ்ல கிடைக்கும் சார்." இன்னொரு இடத்தில் சொந்தக் கூடாரம் கொண்டுவரக் கூடாதாம். மூன்றாவது இடத்தில் ஒரு பெண், "கப்புளா, பேச்சுலர்ஸா, கார்ப்பரேட்டா?" என்று கேட்டாள். நான், என் மனைவி, இறந்துபோன நண்பனின் மனைவி என்றேன். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு, "அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை சார்" என்றாள். போனைத் தூக்கி எறியாததுதான் பாக்கி.

ஸ்டெல்லாதான் உன் பழைய போனில் 'தோப்பு' என்று ஒரு நம்பரைக் கண்டுபிடித்தாள். அது ஏதோ கல்யாண மண்டபம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். கூப்பிட்டேன். எடுத்தவர் "வாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நேற்று மூன்று பேரும் போய் இறங்கியபோது தூறல். கூடாரத்தை நிமிர்த்த ஒரு மணி நேரம் போராடினேன். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் படுத்தது. தோப்புக்காரர் குடையோடு வந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"கம்பிய மாத்திப் போட்டிருக்கீங்க சார். இது மைக்செட்காரரு கூடாரம்தான?"

நான் கையை எடுத்தேன். கூடாரம் படுத்துவிட்டது.

நீ அங்கே போயிருக்கிறாய்! அவர் சொன்ன மாதத்தைப் பார்த்தால், இரண்டாவது தடவை நான் கைவிரித்த பிறகு, தனியாக. ஸ்டெல்லா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "செங்கல்பட்டுல ஒரு கல்யாணம்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரே" என்றாள்.

"சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு" என்றார் தோப்புக்காரர். "இருட்டறதுக்குள்ள மூட்டையைக் கட்டிட்டாரு. என்னங்கன்னு கேட்டேன். 'கம்முனு கீது அண்ணே, காத அடைக்குது. எனக்கு ஒரு பிரெண்டு கீறான், வாய மூடவே மாட்டான். அவனக் கூட்டினு வரேன். அவன் பேசிக்கினே இருந்தான்னா தூங்கிடுவேன்'னாரு."

அதற்குப் பிறகும் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டாய். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாயே, அன்றைக்கு ஏன்டா சொல்லவில்லை? போனேன், தனியாக முடியவில்லை, நீ வந்தால்தான் ஆகும் என்று ஒரு வரி சொல்ல உனக்கு என்ன கேடு? ஊருக்கெல்லாம் மைக் பிடித்துக் கொடுத்தவனுக்கு என்னிடம் வாய் திறக்கவில்லையா? சொல்லியிருந்தால் வந்திருப்பேன் என்று எழுதத்தான் இதை ஆரம்பித்தேன். எழுத முடியவில்லை. மேலாளர் கூப்பிட்டது நிஜம்தான். வரமுடியாது என்று நான் அவரிடம் சொல்லிப் பார்க்கவில்லை என்பதும் நிஜம்.

சாப்பிட்டபின் பெண்கள் இருவரும் கூடாரத்துக்குள் படுத்தார்கள். எனக்கு, பக்கத்து மோட்டார் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில். நீ சொன்னது சரிதான், அந்த இடம் காதை அடைத்தது. எனக்குப் பேச ஒன்றும் வரவில்லை.

"ஆத்துல இருந்தா வாய் ஓயாது. இங்க வந்து என்ன மௌன விரதம்?" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

"எதுனா பேசுங்கண்ணா" என்றது ஸ்டெல்லாவின் குரல்.

பேசினேன். கல்லூரியில் நீ மேடையில் மைக்கைச் சோதிக்கப் போய், அது இணைப்பில் இருப்பது தெரியாமல் பிரின்சிபாலைப் பற்றிச் சொன்னது கட்டடம் முழுக்கக் கேட்டதே, அதைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். மேலாளரைத் திட்டினேன். இந்த ஊர் வெயிலைத் திட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா 'உம்' கொட்டுவது நின்றது. பிறகு என் மனைவியும் தூங்கிவிட்டாள். நான் நிறுத்தவில்லை. அதற்கு மேல் பேசியதெல்லாம் உன்னோடுதான், பெரும்பாலும் வசவு. பேசினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. விடிந்ததும் நனைந்த கூடாரத்தோடு மிச்ச வசவையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.