நிறுத்த மறந்த பதிவு

ஞாயிறு, ஆடி மூன்றாம் வாரம்.

ஓரிக்கையில் சலீம் வீட்டு மாடியறையில் இன்று பேண்டு பயிற்சி. சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, கொடிக்கயிற்றில் என் போனைக் கட்டிப் பதிவு செய்தோம். முடிந்ததும் அதை நிறுத்த மறந்து டீ வாங்கப் போய்விட்டேன்.

இப்போது கேட்டால், நான் பாடியது வழக்கம்போல் சுமார். ஆனால் அதற்குப் பிறகு, டிரம் அடிக்கும் சலீம் தனியாகப் போர்வை மடித்துக்கொண்டே அதே பாட்டைப் பாடுகிறான். எனக்கு எட்டாத இடமெல்லாம் அவனுக்குத் தானாக வருகிறது. உடனே அவனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்பவும் ஓடிக்கினு இருந்துச்சா? அழிச்சிடுபா."

அழிக்கவில்லை. எட்டு முறை கேட்டுவிட்டேன். பாட ஆசைப்பட்டு இந்த பேண்டைத் தொடங்கியவன் நான்தான். இருக்கட்டும். அடுத்த ஞாயிறு அவன்தான் பாடுவான். டிரம் குச்சியை எப்படிப் பிடிப்பதென்று அவனிடமே கேட்க வேண்டும்.