சுவரில்லாத பெட்டி

என் ராசாவுக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்டால் எரிச்சல்படுவாய், கேட்கவில்லை. ஆபீஸ் கதை சொல்கிறேன்.

கணினியில் ஒரு வினோதமான துகள் கூட்டத்தை மோதவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் இருந்தால் ஒன்றையொன்று இழுக்கும்; கிட்டே வந்தால் வெடுக்கென்று தள்ளும். உன் அப்பாவிடம் சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இதில் ஓர் அசட்டுத் தப்பு செய்துவிட்டேன். துகள்களை அடைத்திருக்கும் கற்பனைப் பெட்டியின் வலது சுவரைத் தாண்டுவது இடது சுவர் வழியாக உள்ளே வரும் என்று எங்கள் கணக்குகளில் ஒரு விதி வைப்போம். மோதியவை எப்படிச் சிதறிப் போகின்றன என்று ஆராயும்போது அந்த விதியை நீக்கிவிட வேண்டும். மறந்துவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் திரையைப் பார்த்துச் சிரித்தாள்: "என்னக்கா, போனதெல்லாம் சமர்த்தா வீட்டுக்குத் திரும்புது?"

நீக்கிவிட்டேன். இப்போது மோதியவை விலகிப் போகின்றன, போய்க்கொண்டே இருக்கின்றன. என்னால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிகிறது.

அன்று அப்பாவோடு சண்டை போட்டு, வாசல் கதவை அறைந்துவிட்டுப் போனாய். அவர் உடனே அதைப் பூட்டினார். பின்கதவை நான் தாழ் போடுவதே இல்லை.

நேற்று அவர் அந்தப் பின்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

நடுவில் நிற்கும்
உன் அம்மா