நிலக் கேசில் நீங்கள் சொன்ன சாட்சி

பெரியம்மை,

பக்கத்து வீட்டில் இன்று மாட்டுத் தொழுவத்துக்கு ஓலைக் கூரை மேய்கிறார்கள். ஊறவைத்த ஓலையின் வாசனை ஜன்னல் வழியே வந்து, கையிலிருந்த காப்பியை ஆறவைத்துவிட்டது. நீங்கள் போய் இத்தனை காலமாகியும் அந்த வாசனைக்கு மனசு உங்களைத்தான் தேடுகிறது.

நம் குடிசை அப்படியொன்றும் ஒழுகவில்லை. வருஷம் தவறாமல் கூரை மேய்ந்துவிடுவீர்கள். ஆனால் நிலச் சட்டம் வந்து, முதலாளியின் நிலத்தில் குடியிருந்த குடிசைக்கும் சுற்றியுள்ள பத்து சென்டுக்கும் உரிமை கேட்டு ஊரே கேஸ் போட்டபோது, இல்லாமையைக் கூட்டிச் சொன்னால்தான் தீர்ப்பாகும் என்று எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் கூண்டில் ஏறி அளந்துவிட்டீர்கள்: "மழை பெய்தா நனையாம தலை வைக்க இடம் இல்ல சாரே." நிலம் கிடைத்தது. அந்தப் பேச்சு சில வருஷத்தில் நம் கழுத்துக்கே திரும்பியது.

நிலக் கேசுக்கு முன்பே, அம்மா இறந்ததும் கைக்குழந்தையான என்னை அவள் அக்காவான உங்களிடம் விட்டுவிட்டு, அப்போது எல்லோரும் பேர்ஷியா என்று சொன்ன வளைகுடாவுக்குப் போனவர் என் அப்பா. இரண்டாம் கல்யாணமும் கான்கிரீட் வீடுமாக வந்து, பிள்ளையைக் கொடு என்று நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல் உங்கள் பழைய வாக்குமூலத்தை உரக்க வாசித்தார்.

"இந்த வீட்டிலா ஒரு பெண்குழந்தை வளர்வது? அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்று சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டால் நிலத்துக்கே வினை வரும் என்று நம் வக்கீல் காலையிலேயே பயமுறுத்தியிருந்தார். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"அப்போ கூட்டிச் சொன்னதாக்கும். வீடு ஒழுகாது. நிலம் போனா போகட்டு சாரே. பிள்ளை எங்கூட நிக்கட்டு."

நம் வக்கீல் எழுந்து, அந்த வாக்குமூலத்தை முழுதும் வாசிக்கவேண்டும் என்று கேட்டார். நிலக் கேசில் முதலாளியின் வக்கீல், "ஒற்றை ஆளுக்கு எதற்குப் பத்து சென்ட்?" என்று உங்களைச் சீண்டியிருக்கிறார். அதற்கு உங்கள் பதிலை நீதிபதியே பதிவிலிருந்த மலையாளத்தில் வாசித்தார்: "ஒற்றைக்கல்ல சாரே. எனிக்கொரு மோளுண்டு." தனியாளில்லை, எனக்கொரு மகள் உண்டு என்று.

பிள்ளைக்காக யாரும் சண்டை போடாத நாளில் சொன்னது, அதனால் நம்பலாம் என்றார் அவர். வீட்டைப் பார்த்துவர ஆளனுப்பினார். நல்ல மழைநாள்; ஒரு சொட்டு ஒழுகவில்லை. என்னை உங்களிடமே விட்டார்கள். நிலத்தைக் கேட்டும் யாரும் வரவில்லை.

வீட்டில் நான் உங்களுக்கு எப்போதும் "ஏட்டி"தான். மனசு குளிர்ந்தால் "மக்கா" என்பீர்கள். கோழியையும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். தீர்ப்பன்று பஸ்ஸில், "நான் உங்களுக்கு மோளா பெரியம்மை?" என்று கேட்டேன்.

"சும்மா இரி, கண்டக்டர் வாறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கண்டக்டர் வரவில்லை.

கடைசிவரை நீங்கள் வாய்விட்டு மோளே என்று கூப்பிடவேயில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. இன்றும் உன் அம்மா யார் என்று யாராவது கேட்டால், உங்கள் பெயரைத்தான் சொல்கிறேன். கோர்ட்டில் சொன்னதாக்கும் பெரியம்மை, இனி மாற்றமுடியாது.